குளிர் உடுப்பைக் கொழும்பில் வாங்க வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். செப்டம்பரில் உவர்மலையிலிருந்து லண்டனுக்குப் படிக்க வருகிறீர்கள். வழியில் துபாயில் ஒரு நாள் தங்கல். பெட்டிக்கு 30 கிலோ. நல்ல ஆண்கள் உடுப்பு, அதுவும் மலிவாக, எங்கே வாங்குவது: ஊரிலா, கொழும்பிலா, துபாயிலா, இங்கே வந்தா? அம்மா கொழும்பில் ஒரு தடித்த ஜாக்கெட் பார்த்து வைத்திருக்கிறா, அதை வாங்கட்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் திருகோணமலைதான், மடத்தடிப் பக்கம். இங்கே வந்து கனகாலம். என் பதில்: வெயிலுக்குப் போடுவதை ஊரில் வாங்குங்கள், குளிருக்குப் போடுவதை இங்கே வாங்குங்கள். அம்மாவிடம் அந்த ஜாக்கெட்டை விடச் சொல்லுங்கள்.

கொழும்பில் குளிர் ஜாக்கெட் என்று தொங்குவதில் பெரும்பாலானவை மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்குப் போதும். லண்டன் ஜனவரியில் பகலிலே 8 பாகை, இரவில் 2, 3. இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இங்கே ஆளை வாட்டுவது ஈரக்காற்று. மெல்லிய பொலியெஸ்டருக்குள் பஞ்சு அடைத்த ஜாக்கெட் பார்க்கத் தடிப்பாக இருக்கும், ஆனால் காற்றை மறிக்காது, தூறலிலும் ஊறிவிடும். பெட்டியில் பாதி இடத்தையும் பிடித்துவிடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற ஊரில் நின்று கொண்டு குளிர்க் கோட் சரியா என்று போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இனி ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியவை. உள்ளாடை, பெனியன், டீ-சேட், பருத்திச் சேட். இவற்றை இங்கே வாங்குவது வீண் செலவு. இலங்கை உடுப்பு தைத்து உலகத்துக்கு அனுப்புகிற நாடு. லண்டனில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரிலோ நெக்ஸ்ட்டிலோ உள்ளாடையைத் திருப்பி லேபலைப் பார்த்தால் இலங்கையில் செய்தது என்று அடிக்கடி இருக்கும். எம்.ஏ.எஸ், பிராண்டிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தைப்பவை அவை. கிளிநொச்சியிலேயே எம்.ஏ.எஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை கொழும்புக் கடைகளுக்கு வரும், சில லேபல் வெட்டப்பட்டிருக்கும். மிஞ்சியது வேறு, கழித்தது வேறு. கழித்ததென்றால் எங்கேயோ ஒரு பிழை இருக்கும்: இரண்டு கையும் ஒரே நீளமா, பக்கத் தையல் முறுகிப் போகிறதா, கொலரும் உடம்பும் ஒரே நிறமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிழை கண்ணில் படாத இடத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது தையல் கடை. புறப்படும் முன் மத்திய வீதிப் பக்கம் உங்களுக்குப் பழக்கமான தையல்காரரிடம் இரண்டு நீளக்காற்சட்டை தைத்து எடுங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று கடும் நீலம். படிப்பு விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். அந்தப் பகுதிநேர வேலை உணவகமோ, கடையோ, மண்டபமோ, பெரும்பாலும் முதல் நாளே கறுப்புக் காற்சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் கேட்பார்கள். இடுப்பிலும் கால் மடிப்பிலும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருந்து பாணும் பாஸ்தாவும் சாப்பிட்டு இடுப்பு பெருக்காத பெடியனை நான் கண்டதில்லை. இங்கே கால் நீளத்தைக் குறைக்க மட்டும் 10 பவுணுக்கு மேல் வாங்கும் கடைகள் உண்டு. ஒரு பவுண் 400 ரூபாய் பக்கம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

துபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே டெய்ராச் சந்தைப் பக்கம் சேட் மலிவுதான், ஊரில் அதைவிட மலிவு. பெரிய மோல்களில் இருக்கும் பிராண்டுகள் லண்டனிலும் இருக்கின்றன, கழிவு விலையில் இங்கேயே வாங்கலாம். அங்கே வரி 5 வீதம். சுற்றுலாப் பயணிகள் 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கினால், வரி திருப்பிக் கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் அதைத் திரும்பப் பெறலாம். அது போல லண்டனிலும் கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். கிடைக்காது. பிரித்தானியாவில், வட அயர்லாந்தைத் தவிர, கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோகும் பொருளுக்குப் பயணிகளுக்கு வரி திருப்பிக் கொடுப்பதை 2021 ஜனவரி 1இல் நிறுத்திவிட்டார்கள். விலைச்சீட்டில் 20 வீத வரி சேர்ந்தே இருக்கும்.

சரி, லண்டன். செப்டம்பரில் இறங்கும்போது குளிர் இருக்காது, ஒரு ஹூடி போதும். ஆகவே வந்த முதல் கிழமையே கடைக்கு ஓட வேண்டாம். இங்கே ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பி இருக்கவும் முடியாது, ஏனென்றால் வெளியே குளிர், ரயிலுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் புழுக்கம். உடம்புச் சூட்டைக் காக்கும் மெல்லிய தேர்மல் பெனியன், மேலே சேட், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், கடைசியில் காற்றையும் மழையையும் மறிக்கும் கோட் என்று அடுக்காகப் போட்டால் உள்ளே வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஸ்வெட்டரோடு பாருங்கள். இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தலையை மூடும் தொப்பியும் கோட்டோடு சேர்ந்து இருக்க வேண்டும். குடையை இங்கத்தைய காற்று இரண்டாம் நாளே முறித்துவிடும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது தர்மக் கடைகளைப் பற்றி. ஒக்ஸ்பாம், பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன், கான்சர் ரிசேர்ச், சூ ரைடர் என்று ஒவ்வொரு பெரிய தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கும். மக்கள் கொடுக்கும் பழைய உடுப்பை விற்று அந்த அமைப்புகள் நிதி சேர்க்கின்றன. நம்மவர்களில் கனபேர் உள்ளே போக மாட்டார்கள், செத்தவன் உடுப்பு என்று முகம் சுளிப்பார்கள். இருக்கலாம். ஆனால் கனக்க உடுப்பு, உடம்பு பெருத்ததாலோ அலமாரி நிறைந்ததாலோ கொடுத்தவைதான். உள்ளாடை, சப்பாத்து அங்கே வாங்க மாட்டேன். கம்பளிக் கோட், கோட்-சூட், ஸ்வெட்டர் என்றால் முதலில் அங்கேதான் போவேன். வசதியானவர்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள்: ரிச்மண்ட், சிசிக், விம்பிள்டன். புதிதாக 200 பவுண் போகும் தனிக் கம்பளிக் கோட்டை அங்கே 30 பவுணுக்கும் எடுக்கலாம். ஒரே நாளில் அகப்படாது, போகிற வழியில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்பளியை வாங்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி தின்ற சிறு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு கிழமை உறைபெட்டிக்குள் வையுங்கள், பூச்சியும் முட்டையும் செத்துவிடும். கூட இருக்கும் பெடியங்களிடம் முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டிறைச்சி என்று வெளியே எடுத்து வைப்பார்கள். பருத்தியானால் 60 பாகையில் தோய்த்தால் போதும். கம்பளியை அந்தச் சூட்டில் போட்டால் அது சுருங்கிச் சின்னப் பிள்ளைக்குத்தான் சரிவரும்.

சின்னப் பிள்ளை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இங்கே 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று வடிவமைத்த உடுப்புக்கு 20 வீத வரி இல்லை. எங்கள் ஊர் மெல்லிய பெடியங்களுக்கு 13-14 வயது என்று போட்ட ஹூடியும் டீ-சேட்டும் பல நேரம் சரியாக இருக்கும், வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டும் அப்படித்தான். அந்த அளவு ஏறக்குறைய 164 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டியது. உங்கள் உயரம் அதற்குள் என்றால் வெட்கப்படாமல் அந்தப் பக்கமும் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

மேஸ் (காலுறை), கையுறை, தேர்மல் மூன்றையும் பிரைமார்க் என்ற மலிவு உடுப்புக் கடையில் வாங்கலாம். டெஸ்கோ, செயின்ஸ்பெரிஸ், அஸ்டா போன்ற சூப்பர்மார்க்கெட்டுகளும் சொந்தமாக உடுப்பு விற்கின்றன, அன்றாடப் பாவனைக்கு மோசமில்லை. எந்தக் கடையானாலும் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உள்ளே இருக்கும் லேபலைப் பாருங்கள். ஸ்வெட்டரில் கம்பளி எத்தனை வீதம் என்பதுதான் முக்கியம். ‘கம்பளி போல’ இருப்பது அனேகமாக அக்ரிலிக் என்ற செயற்கை நூல், இரண்டு மாதத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். பிறகு உடுப்பை உள்புறமாகத் திருப்பித் தையலைப் பாருங்கள், சிப்பை இரண்டு மூன்று தரம் இழுத்துப் பாருங்கள். இரண்டு வருடம் போடும் 40 பவுண் ஸ்வெட்டர், ஒரு குளிர்காலத்தோடு முடியும் 15 பவுண் ஸ்வெட்டர் இரண்டும் இருந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். 15 பவுணைத் தவிரக் கையில் வேறு இல்லாத மாதமும் வரும், அப்போது தர்மக் கடை.

கழிவு விற்பனைக் காலம்: நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே, டிசம்பர் 26இல் தொடங்கி ஜனவரி முழுக்க, பிறகு கோடையில் ஜூன், ஜூலை. குளிர் உடுப்பின் விலை ஜனவரியில் நன்றாக இறங்கும், குளிரோ மார்ச் வரை போகும். அதனால் அக்டோபரில் ஒரு பழைய கோட்டை எடுத்துச் சமாளித்து, புதியது வேண்டுமென்றால் ஜனவரியில் வாங்குவது புத்தி. வெம்பிளி விளையாட்டரங்குக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த லண்டன் டிசைனர் அவுட்லெட் என்ற கடைத்தொகுதி இருக்கிறது, பிராண்டு உடுப்புக்கு வருடம் முழுக்கக் கழிவு. அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைத்த தரம் குறைந்த உடுப்பும் இப்படியான இடங்களில் கலந்து வரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ரசீதை எறிய வேண்டாம். இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கினால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம், அதன் பிறகு திருப்பி அனுப்ப இன்னும் 14 நாள். நேரே கடையில் வாங்கியது பழுதென்றால் 30 நாளுக்குள் முழுக் காசும் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மனம் மாறியது என்பதற்காகக் கடைக்காரர் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனாலும் பெரிய கடைகள் பெரும்பாலும் எடுக்கும். ஊரில் விற்ற பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் பார்க்கும் பார்வை இங்கே இருக்காது, கூசாமல் கொடுக்கலாம்.

அளவில் கவனம். ஊரில் எம் (M) அளவு போடுபவருக்கு இங்கே எஸ் (S) சரியாக இருக்கும். காற்சட்டைக்கு இடுப்பும் உள்கால் நீளமும் அங்குலத்தில் கேட்பார்கள், பல கடைகளில் கால் நீளம் 29, 31, 33 என்று வரும். எங்கள் ஆட்களுக்கு அனேகமாக 29.

வேட்டியும் ஒரு பட்டுச் சேட்டும் பெட்டியில் ஓரமாக வையுங்கள். லண்டனில் தமிழ்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வேட்டி வாங்கலாம், விலைதான் மனம் வராது. கோயில் திருவிழாவுக்கும் யாராவது கலியாணத்துக்கும் கட்டாயம் தேவைப்படும். சப்பாத்தை மட்டும் இங்கேயே புதிதாக வாங்குங்கள், தண்ணீர் புகாத அடியோடு.

புறப்படும் முன் தையல்காரரிடம் கழுத்து, நெஞ்சு, இடுப்பு, உள்கால், நான்கையும் அங்குலத்தில் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். தர்மக் கடைப் பக்கம் போகும்போது உங்கள் அளவில் கோட் கண்ணில் பட்டால் எடுத்து வைக்கிறேன், காசு வந்து தரலாம்.