ஷவருக்கு டைவர்ட்டரா, வால் மிக்ஸரா?

கேள்வி: முதல் மாடியில் குடியிருக்கிறோம். பாத்ரூமை இடித்துப் புதுப்பிக்கப் போகிறோம். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டரும் 8 அங்குல மழை ஷவரும் போடச் சொல்கிறார் கடைக்காரர். பிளம்பரோ அதே வேலையைச் செய்யும், சுவருக்கு வெளியே பொருத்தும் வால் மிக்ஸரே (wall mixer) போதும் என்கிறார். தொட்டி எங்களுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் இருக்கிறது. போர் தண்ணீர்தான். எதை வாங்கலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: நான் உங்கள் பிளம்பர் கட்சி. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தரையில் உட்கார்ந்திருக்கும் தொட்டிக்கும் உங்கள் ஷவருக்கும் இடையே ஐந்தடி இருந்தாலே பெரிது. அது 0.15 பார்தான். மழை ஷவர் பலவற்றுக்கு அரை பாராவது வேண்டும். கடையில் கொட்டோ கொட்டென்று கொட்டிக் காட்டினார்களா? பின்னால் பம்ப் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இடிப்பதற்கு முன் பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயில் வரும் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் 4 அங்குல ஷவருக்குத் தாராளம். இரண்டு நிமிடம் ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைவர்ட்டரும் கைகொடுக்காது. அப்புறம் தொட்டியை மேடை கட்டி உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். பம்ப் வைத்தால் கீஸருக்குப் போகும் குழாயும் அதே பம்பிலிருந்துதான் போக வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பம்ப் கொடுத்தால் அது வெந்நீரை அமுக்கிவிடும்.

வால் மிக்ஸரில் ‘3 இன் 1’ என்று கேளுங்கள். மேல் ஷவர், கை ஷவர், வாளிக்குக் குழாய் மூன்றும் வரும். உங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்புப் படிந்து திருகு இறுகினால், கைப்பிடியைக் கழற்றி, உள்ளே திருகும் தண்டான ஸ்பிண்டிலை மட்டும் மாற்றிவிடலாம். டைல்ஸில் கை வைக்க வேண்டியதே இல்லை.

இல்லை, டைவர்ட்டர்தான் வேண்டும் என்றால், சரி, ‘ஹை ஃப்ளோ’ வகை வாங்குங்கள். அதே மாடலின் கார்ட்ரிட்ஜ் (உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் ஒன்று கூடவே வாங்கி வையுங்கள். பதிக்கும் ஆழத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் மேற்பரப்பு அவற்றுக்கு நடுவே வர வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் வெளித்தட்டு பொருந்தாது. டைல்ஸ் ஒட்டும் முன் குழாய்களில் அழுத்தமாகத் தண்ணீர் ஏற்றி, கசிகிறதா என்று ‘பிரஷர் டெஸ்ட்’ செய்யச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம் சார்’ என்பார்கள், விடாதீர்கள்.

கேள்வி: வாஷ் பேசினில் பச்சைத் தண்ணீரைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது. கீஸர் கெட்டுவிட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: கீஸரைத் திட்டாதீர்கள். கை ஷவரை அதன் கைப்பிடியிலேயே நிறுத்திவிட்டு, மிக்ஸரைத் திறந்தபடியே விடுகிறீர்களா? அப்படியானால் வெந்நீர் மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். குளித்ததும் மிக்ஸரையே மூடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால், மிக்ஸருக்குள் வரும் இரண்டு குழாயிலும், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத ‘நான்-ரிட்டர்ன்’ (non-return) வால்வு போடலாம். தொட்டி தாழ்வாக இருந்தால் அதனால் வரத்து கொஞ்சம் குறையும்.