காணியை ஈடு வைக்க முதல், மகள் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி பொறியியலுக்குப் போதாது. கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் சொஃப்ட்வேர் எஞ்சினியரிங் படிக்க விடச் சொல்லி கனடாவில் இருக்கிற மாமா நிற்கிறாராம். முதல் தவணைக்கு நகை, மிச்சத்துக்குக் காணி. பிள்ளைக்கோ நாள் முழுக்கப் புரோகிராம் எழுத விருப்பமில்லை. "எதை எடுத்தாலும் பிழை பிடிக்கிறாள், கேள்வி கேட்டே களைக்க வைக்கிறாள்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, காணியை ஈடு வைக்காதீர்கள். மாமா பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது நீங்கள், விருப்பமில்லாத வேலையில் இருக்கப்போவது மகள். மனமில்லாத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சரி என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் குறையாக எழுதிய குணத்துக்கே சம்பளம் கொடுக்கிற வேலை மென்பொருள் சோதனை, அதாவது மற்றவர் எழுதிய புரோகிராமில் பிழை தேடுவது. கம்பனிகளில் கியூஏ என்பார்கள். "பட்டன் அமத்திப் பார்க்கிற வேலைதானே" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அமத்துகிறதைக் கணினியே செய்யப் பழகிவிட்டது. எதை அமத்த வேண்டும், ஏன் என்று யோசிக்கத்தான் ஆள் தேவை.

மகளின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கம். முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த இலக்கத்தை நிரப்புகிற படிவத்தைச் சோதிக்க வேண்டும் என்று வையுங்கள். 000 முதல் 999 வரை எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. யோசிக்கிற பிள்ளை எல்லைகளைத் தேடிப் போவாள்: 000, 001, 366, 367, 500, 501, 866, 867. 'பெரிது' என்பதா, 'பெரிது அல்லது சமன்' என்பதா என்று புரோகிராம் எழுதியவர் தடுமாறுவது இந்த இடங்களில்தான். 2005 லீப் வருடம் இல்லையே, அதில் 366 வரலாமா? வரலாம். அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள். இந்த விதியைக் கேட்டறியாமல் 'பிழை' என்று அறிக்கை போட்டால் அது திரும்பி வரும். பழைய அட்டையின் 9 இலக்கத்துக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் அடித்தால் ஏற்குமா? இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட்டால்?

இன்னொன்று. திருகோணமலை நமக்கு 6 எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் 10 குறியீடு. ஊர்ப் பெயருக்கு 9 குறியீடு என்று எல்லை வைத்த பெட்டியில் 'திருகோணமல' என்று வெட்டுப்பட்டு நிற்கும். தமிழில் அடித்துப் பார்க்கத் தோன்றாதவர் கண்ணில் இது படவே படாது.

முதல் மூன்று மாதம் எந்த வகுப்புக்கும் காசு கட்ட வேண்டாம். மாமா உதவ விரும்பினால் 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி ஒன்று போதும், பாவித்தது என்றாலும் பரவாயில்லை. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் பிழைப் பதிவேட்டில், யாரோ முறையிட்டு இன்னும் உறுதிசெய்யப்படாத பிழைகள் எப்போதும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, சொன்ன படிகளைச் செய்து, அதே பிழை தன் கணினியிலும் வருகிறதா என்று மகள் பார்க்கட்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை மணித்தியாலம். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன நிலையில் தொடங்கினாள், என்ன வரவேண்டியிருந்தது, என்ன வந்தது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். தொடங்கிய நிலையைக் குறிக்காமல் விடுவதால் பிழையை மறுபடி வரவைக்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றுவதால் காரணம் எது என்று பிடிபடாது. வங்கி, அரசாங்கத் தளங்களில் அனுமதியில்லாமல் கை வைக்கக்கூடாது.

பிறகு மென்பொருள் சோதனைக்குச் சர்வதேசச் சான்றிதழ் தருகிற ஐஎஸ்டிகியூபி அமைப்பின் அடிப்படைப் பரீட்சை. 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியென்றால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 75 நிமிடம். பாடத்திட்டம் அவர்கள் தளத்திலேயே இலவசம். பரீட்சைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். 'வேலை நிச்சயம்' என்று விளம்பரம் போடுகிற வகுப்புக்குக் கட்டாதீர்கள்.

சான்றிதழை மட்டும் வைத்து வேலைக்கு எடுப்பது அரிது. பல கம்பனிகள் பட்டமோ டிப்ளோமாவோ கேட்கும். அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம். முதலாம் ஆண்டோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு நின்றால் உயர் டிப்ளோமா கிடைக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆகவே ஆங்கில எழுத்தை இன்றிலிருந்தே பழகட்டும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கிற எஸ்கியூஎல்லும், கொஞ்சம் பைத்தன் என்ற புரோகிராம் மொழியும் இங்கேயும் தேவை. கோட் பக்கமே போகமாட்டேன் என்று மகள் சொன்னால் இந்த வழியும் சரிவராது, அதை அவளிடமே நேரடியாகக் கேளுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் கொழும்பில்தான் அமையும், பயிற்சிக் காலச் சம்பளம் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல் போகலாம். அந்தச் சில மாதச் செலவுக்கு இப்போதே ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள்.