20 வயது என்பிஏ வீரர் ஒருவர் பெரிய ஆளாக வருவாரா என்று எப்படிக் கணிப்பது?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: அவருக்குப் பிடித்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணியில் 20 வயது கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரர்) ஒருவர். இது இரண்டாவது சீசன். ஆட்டத்துக்குச் சராசரி 9 புள்ளி. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் பாதி ரசிகர்கள், இப்போதே வேறு அணிக்குத் தள்ளிவிடலாம் என்கிறார்கள் மீதிப் பேர். யார் சொல்வது சரி?

முதலில் அந்த 9 புள்ளியை ஓரமாக வையுங்கள். புள்ளியை நம்பி நான் ஒருமுறை நன்றாகக் கவிழ்ந்திருக்கிறேன்.

2013 அக்டோபரில் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் ஃபிலடெல்ஃபியா அணிக்காகத் தன் முதல் என்பிஏ ஆட்டத்தை ஆடினார். எதிரே நடப்புச் சாம்பியன் மயாமி. 22 புள்ளி, 12 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட உதவிய பாஸ்), 9 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து), வெற்றியும் ஃபிலடெல்ஃபியாவுக்கே. அடுத்த பத்து வருடம் இவர் காலம்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சீசன் முடிவில் சராசரி 16.7 புள்ளி, சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே. அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியுமா?

அதே டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவருக்கு நான்கு இடம் பின்னால், 15ஆவதாக, மில்வாக்கி அணி 18 வயதுப் பையன் ஒருவரை எடுத்திருந்தது. கிரீஸில் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தவர். முதல் சீசனில் சராசரி 6.8 புள்ளி. அவர்தான் பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் அன்டெடொகும்போ.

நான் எதைப் பார்க்கத் தவறினேன்? ஃபிலடெல்ஃபியா அந்த வருடம் 82 ஆட்டத்தில் 19தான் ஜெயித்தது. லீகிலேயே மிக வேகமாக ஆடிய அணியும் அதுதான், ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து எறியும் வாய்ப்பு மற்ற அணிகளைவிட அதிகம். அப்படிப்பட்ட அணியில் யாராவது ஒருவர் புள்ளி எடுத்துத்தானே ஆக வேண்டும்? அவர் எறிந்ததில் பத்துக்கு நான்குதான் உள்ளே விழுந்தது. த்ரீ பாயிண்டரில், அதாவது தூரக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில், நூற்றுக்கு 26. வயதோ ஏற்கெனவே 22. இதெல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது, நான் பார்த்தது 16.7ஐ மட்டும்.

விருது வாங்கி ஒரு வருடம் முடிவதற்குள், 2015 பிப்ரவரியில், ஃபிலடெல்ஃபியா அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. எந்த அணிக்கு என்கிறீர்கள்? மில்வாக்கிக்கு, யானிஸ் பக்கத்திலேயே. அடுத்த சீசன் முடிவதற்குள் பந்தைக் கொண்டுபோகும் பொறுப்பு யானிஸ் கைக்கு வந்தது. யானிஸின் சராசரி வருடா வருடம் 6.8, 12.7, 16.9, 22.9 என்று ஏறியது. கார்ட்டர் வில்லியம்ஸ் அந்த 16.7ஐ மறுபடி தொடவே இல்லை.

அதிலிருந்து நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: பையன் செய்யும் தவறுகள் மாறுகின்றனவா?

ஒரு கார்டுக்குத் த்ரீ விழாது என்று தெரிந்தால் எதிரணிக்காரர் ஸ்கிரீனுக்கு (சக வீரர் வழிமறித்து நின்று கொடுக்கும் தடுப்பு) பின்பக்கமாக ஒதுங்கிப் போய், கூடைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். "போடு பார்க்கலாம்" என்று இடம் விடுவார். முதல் வருடம் எல்லா இளம் கார்டும் இதில் திணறுவார்கள், அது குற்றமில்லை. இரண்டாம் வருடம் அதே நிலையில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. தயங்காமல் எறிகிறாரா, இன்னொரு ஸ்கிரீன் கேட்டு வாங்குகிறாரா, பாஸ் கொடுத்துவிட்டுக் காலியான இடத்துக்கு ஓடுகிறாரா? எதுவும் இல்லாமல் அதே இடத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றால் எனக்குக் கவலை வரும்.

டர்ன்ஓவரிலும், அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பதிலும், இரண்டு ரகம் உண்டு. மூலையில் நிற்பவர் காலியாக இருக்கிறார் என்று கண்டுபிடித்து, பாஸ் அரை நொடி தாமதமாகப் போய்ப் பறிபோவது ஒரு ரகம். அது நல்ல தவறு, கண் சரியாக வேலை செய்கிறது, கைதான் இன்னும் பழக வேண்டும். யாரும் நெருக்காதபோதே பந்து கையை விட்டு நழுவுவது வேறு ரகம். புள்ளிவிவரப் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும், அதனால் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்காமல் வழியில்லை.

எறிதல் தேறுமா என்பதற்கு நான் த்ரீ சதவீதத்தைவிட ஃப்ரீ த்ரோவைத்தான் (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) நம்புவேன். தடுப்பவர் இல்லை, அவசரம் இல்லை, கையின் இயல்பு அப்படியே தெரியும். கவாய் லெனர்ட் கல்லூரியில் எறிந்த த்ரீயில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஆனால் ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு 70க்கு மேல். என்பிஏ வந்த முதல் வருடமே அவருடைய த்ரீ 37 சதவீதத்தைத் தாண்டியது. மார்கெல் ஃபுல்ட்ஸ் இதற்குத் தலைகீழ்: கல்லூரியில் த்ரீ 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65தான். 2017இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவருக்கு எறிதலே காணாமல் போனது. அவருக்குத் தோள் பக்கம் நரம்பு அழுந்தும் பிரச்சினை இருந்தது பின்னால் தெரியவந்தது, ஆகவே முழுப் பழியையும் ஃப்ரீ த்ரோ மேல் போட முடியாது. இருந்தாலும் அந்த 65 ஒரு மணி அடித்திருக்க வேண்டும்.

உயரம், கை நீளம், எகிறும் திறன் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் அதிகம் சொல்ல மாட்டேன். நிகோலா யோகிச்சுக்குப் பெரிய எகிறல் கிடையாது. 2014 டிராஃப்டில் 41ஆவதாக அவர் பெயர் வந்தபோது தொலைக்காட்சியில் டாக்கோ பெல் உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆகிவிட்டார்!

அணியில் அவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் முதல் சீசனில் எடுத்தது 10.8 புள்ளி. ஒக்லஹோமா சிட்டிக்குப் போய் அணியே அவரைச் சுற்றி அமைந்த பிறகுதான் 2025இல் எம்விபி, சாம்பியன் எல்லாம். உங்கள் ஆள் பெஞ்சிலிருந்து வந்து 20 நிமிடம் ஆடி 9 எடுக்கிறார் என்றால் அது ஒரு கதை. 34 நிமிடம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 9 என்றால் முற்றிலும் வேறு கதை. எந்தக் கதை என்று நீங்கள் எழுதவில்லை.

கோடைக்கால லீக், சீசனின் கடைசிப் பத்து ஆட்டம் இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய ஆட்கள் ஓய்வில் இருக்கும்போது யாரும் 30 எடுக்கலாம்.

20 வயது, இரண்டாவது சீசன் என்பதை மட்டும் வைத்துச் சொன்னால் நான் பொறுத்துப் பார்க்கும் கட்சி. அவர் நிமிடமும் ஃப்ரீ த்ரோ சதவீதமும் என்ன என்று சொல்லுங்கள், அதைப் பார்த்துக் கட்சி மாறினாலும் மாறுவேன்.