குட்டை ஹெம்ப் கரும்பு மண்ணில் எடுபடுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கருக்கு அருகே கரும்பு விவசாயம் செய்கிறேன். இரண்டு ஹெக்டேரில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) தேய்ந்துபோனதால் கட்டையைப் பெயர்த்து உழுது போட்டிருக்கிறேன். அதில் விதைக்காக ஹெம்ப், அதாவது போதை மிகக் குறைந்த கஞ்சா இனம், பயிரிட எண்ணம். ஃபின்லாந்து வழிக் குட்டைக் கலப்பு ரகம் ஒன்றைச் சொல்கிறார்கள். நான்கைந்து அடி உயரம்தான் வளருமாம். நான்கு மாதத்துக்குள் அறுவடை, ஆண்டுக்கு இரண்டு போகம் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா ஐயா?

பதில்: அந்த ரகத்தைப் பற்றி விற்பவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதெல்லாம் ஃபின்லாந்துக் கோடையில் விளைகிற பயிரின் கணக்கு. அந்த உயரமும் அந்த விளைச்சலும் உங்கள் நிலத்தில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபினோலா என்ற ரகத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள் என நினைக்கிறேன். ரஷ்ய விதை வங்கியிலிருந்து பெற்ற, சீக்கிரம் பூக்கும் இரண்டு வகைகளைக் கலந்து ஃபின்லாந்தில் உருவாக்கியது. எண்ணெய் விதைக்கென்றே தேர்ந்தெடுத்த ரகம். ஆண் செடி, பெண் செடி தனித்தனி. மகரந்தம் உதிர்ந்ததும் ஆண் செடிகள் காய்ந்துவிடும். குட்டையாக இருப்பதன் பயன் அறுவடையில் தெரியும். ஆளுயரத்தைத் தாண்டிய ஹெம்ப் தண்டின் நார், அறுவடை இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொண்டு ஒரு நாள் வேலையையே முடக்கிவிடும்.

பொதுவாக ஹெம்ப், பகல் சுருங்கினால் பூக்கும் பயிர். இந்த ரகம் மட்டும் பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், முளைத்து ஐந்து வாரத்துக்குள் பூவெடுத்துவிடும். ஃபின்லாந்தில் ஜூன் மாதம் அந்த ஐந்து வாரமும் ஏறத்தாழ 20 மணி நேர வெளிச்சம் கிடைக்கிறது. உங்கள் ஊரில் கோடை உச்சமான டிசம்பரிலேயே பகல் 14 மணி நேரம்தான். அங்கே நெஞ்சுயரம் வளர்வது இங்கே இடுப்பைத் தொடாமலேயே பூத்துவிடக்கூடும். செடி சிறுத்தால் கதிரும் சிறுக்கும். பிரான்ஸ், போலந்து ரகங்களை வாங்கினாலும் இதே தொல்லைதான். அவற்றுக்கு நம் கோடைப் பகலே குறுகிய பகல்.

அதனால் என் யோசனை வேறு. குட்டை ரகத்தைத் தேடாதீர்கள். வெப்பமண்டல ஓரத்துக்கென்று தேர்ந்தெடுத்த, இயல்பில் உயரமான ரகத்தை எடுத்து, ஜனவரிக் கடைசியில் விதையுங்கள். அக்டோபரில் விதைத்தால் பத்தடி போகிற செடி, பகல் சுருங்கத் தொடங்கிய பின் விதைத்தால் சீக்கிரம் பூவெடுத்து உயரத்தை நிறுத்திக்கொள்ளும். அறுவடையும் மழை ஓய்ந்த மே மாதத்தை ஒட்டி வரும். கடலோர ஈரக்காற்றில் நெருக்கமான கதிருக்குள் சாம்பல் பூஞ்சை புகுந்தால் உள்ளிருந்தே அழுகும். ஆண்டின் ஈரமான மாதங்களில் கதிர் முற்றும்படி விதைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு போகம் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். முதல் போகம் டிசம்பர், ஜனவரி மழையில் சிக்கிவிடும்.

ஃபினோலாவையும் பார்த்துவிட வேண்டும் என்றால், கால் ஹெக்டேர் போதும். எந்த ரகமானாலும் தேதியை இரு வார இடைவெளியில் மாற்றி மூன்று பாத்தியாக விதைத்துப் பாருங்கள். உங்கள் மண்ணுக்கு எது சரி என்று பாத்தியே காட்டிவிடும்.

இனி மண். குட்டை ரகத்துக்கு வளர்ச்சிக் காலமே ஐந்து வாரம் என்பதால், அதற்குள் ஏற்படும் எந்தத் தடையையும் அது பின்னால் ஈடுசெய்யாது. கரும்புக் காட்டில் முதல் பயம் களைக்கொல்லியின் எச்சம். டையூரான், ஹெக்ஸாசினோன் போன்றவை மண்ணில் பல மாதம் தங்கும். விதை நன்றாக முளைத்துவிடும், நீங்களும் மகிழ்ந்துவிடுவீர்கள், பிறகுதான் இலையோரம் மஞ்சளாகிக் கருகும். ஆகவே வயலின் மேல்மண்ணைச் சில தொட்டிகளிலும், மருந்தே தெளிக்காத வேலியோர மண்ணை வேறு சில தொட்டிகளிலும் நிரப்பி, பீன்ஸும் ஓட்ஸும் போட்டு மூன்று வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். வயல் மண்ணில் செடி வாடினால் இந்த ஆண்டு ஹெம்ப் வேண்டாம்.

அடுத்தது புளிப்பு. ஹெம்ப்புக்கு மண்ணின் பிஎச் 6 முதல் 7.5 வரை வேண்டும். நெடுங்காலம் யூரியா தின்ற கரும்பு மண் அதற்குக் கீழேதான் இருக்கும். மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பைச் சில மாதம் முன்பே இட்டுவிடுங்கள். மணற்பாங்கான நிலமென்றால் வேர்முடிச்சு நூற்புழுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெம்ப் அதற்கு நல்ல விருந்து. தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் அங்கே விதைக்கவே வேண்டாம்.

ஹெக்டேருக்கு 25 முதல் 30 கிலோ விதை, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் ஆழம், நெருங்கிய வரிசை. செடி விரைவில் நிலத்தை மூடினால் களை அடங்கும். குட்டை ரகம் அந்த அளவுக்கு மூடாது. கைக்களைக்கு ஆள் கூலி கணக்கில் இருக்கட்டும். முக்கால்வாசி மணி முற்றியதும் அறுத்து, ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு இறங்கும்வரை உடனே காற்றூட்டி உலர்த்துங்கள். முழுதும் முற்றட்டும் என்று காத்திருந்தால் புறாவும் தூக்கணாங்குருவியும் உங்களை முந்திக்கொள்ளும்.

சட்டத்திலும் ஒரு தெளிவு வேண்டும். வயது வந்தவர் தன் வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்குக் கஞ்சா வளர்க்கலாம் என்ற 2018 அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு, விற்பதற்காக வயலில் போடும் உங்கள் பயிருக்குப் பொருந்தாது. 2021-இல் ஹெம்ப் வேளாண் பயிராக அறிவிக்கப்பட்டதிலிருந்து வேளாண் துறையின் உரிமம் கட்டாயம். அப்போது போதைப்பொருளான டிஎச்சிக்கு வரம்பு 0.2 சதவீதம், உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள்.

இந்த வரம்பை நினைத்தே சொல்கிறேன், அறுத்த விதையில் கொஞ்சம் எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஹெம்ப் மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும், வரும். பக்கத்துத் தோட்டத்துக் கஞ்சாவின் மகரந்தம் உங்கள் பெண் செடியில் விழுந்தால், அடுத்த தலைமுறைச் செடியில் டிஎச்சி ஏறி, நின்ற பயிரையே அழிக்க நேரிடும். ஒவ்வொரு முறையும் சான்றிட்ட விதையே வாங்குங்கள். விதைக்கு முன்பணம் கொடுப்பது உரிமம் கைக்கு வந்து, மணியை வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு இருக்கட்டும்.