கேள்வி உங்களுது, மூக்கு யாருது?

போன இதழ்ல "இருமல் இருந்தா கூட்டத்துல மாஸ்க் போட்டுக்கோங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்களைப் படிக்கவே ஒரு வாரம் ஆயிடுச்சு. அச்சுல ஏத்த முடியாததை எல்லாம் கழிச்சிட்டு மிச்சம் இருக்கறதுக்கு பதில் சொல்றேன்.

கே: மாஸ்க் போட்டா ஆக்சிஜன் உள்ள வராது. ஆனா வைரஸ் ஜாலியா உள்ள போயிடும். சல்லடைல தண்ணி பிடிக்கிற கதைதானே இது?

ப: ஐயா, ரெண்டுல ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. ஆக்சிஜன் மூலக்கூறு சுமார் 0.3 நானோமீட்டர், கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், அதாவது 300 மடங்குக்கு மேல பெருசு. நீங்க சொல்ற மாஸ்க் எறும்பை வாசல்லயே நிறுத்தி வச்சுட்டு யானைக்கு சல்யூட் அடிச்சு கேட்டைத் திறந்து விடற வாட்ச்மேன் மாதிரி இருக்கு, அப்படி ஒரு துணி நெசமாவே இருந்தா எனக்கும் ஒரு மீட்டர் அனுப்பி வைங்க. வைரஸும் தனியா நடந்து வர்றதில்ல, எச்சில் துளில சவாரி பண்ணித்தான் வருது. என்95 மாதிரி மாஸ்க்ல ஓட்டை சைஸ் மட்டும் வேலை செய்றது இல்ல, இழைகள்ல நிலைமின்சாரம் ஏத்தி வச்சிருப்பாங்க, சீப்பைத் தலைல தேச்சா பேப்பர் துண்டு ஓடி வந்து ஒட்டிக்குமே, அதே வித்தைதான். ஆபரேஷன் தியேட்டர்ல மணிக்கணக்கா மாஸ்க்கோட நிக்கிற டாக்டர் மயங்கி விழறது இல்ல, நமக்கு மட்டும் லிஃப்ட் ரெண்டாவது மாடி ஏறறதுக்குள்ள மூச்சு முட்டிடுது.

கே: என் முகம், என் மூச்சு, என் உரிமை. நீ யார் கேக்க?

ப: மூக்கு உங்களுதுதான், யாரும் பட்டா கேக்கல. அதுல இருந்து வெளிய வர்றது பக்கத்துல நிக்கிறவருக்குப் போகுதேங்கறதுதான் பிரச்சனை. அடுத்தவர் எச்சில் பண்ண டம்ளரை நீட்டினா முகத்தைச் சுளிப்பீங்க, அதே எச்சில் பொடிப்பொடியா காத்துல வந்தா அதுக்குப் பேரு உரிமையா?

கே: மக்கள் இப்பதான் விழிச்சுக்கிட்டு எதிர்க்கிறாங்க, அதுதானே உங்களுக்கு வயித்தெரிச்சல்?

ப: இப்பவா? நூறு வருஷம் லேட்டுங்க நீங்க. 1918ல ஃப்ளூ வந்தப்ப சான் ஃபிரான்சிஸ்கோல மாஸ்க் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. சுருட்டு பிடிக்கறதுக்கு மாஸ்க்ல ஓட்டை போட்டுக்கிட்ட மகான்கள் எல்லாம் அப்பவே இருந்தாங்க. நவம்பர்ல அந்தச் சட்டத்தை எடுத்தாங்க, ஜனங்க மாஸ்க்கைக் கழட்டி ரோட்டுல வீசினாங்க, நோய் திரும்ப ஏறுச்சு, 1919 ஜனவரில மறுபடியும் சட்டம். உடனே "மாஸ்க் எதிர்ப்பு லீக்"னே ஒண்ணை ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல ஒரே அரங்கத்துல கூடிட்டாங்க, அதுவும் ஃப்ளூ காலத்துல! இதுல பெரிய கூத்து என்னன்னா சட்டம் போட்ட மேயர் ஜேம்ஸ் ரோல்ஃபே குத்துச்சண்டை பாக்கப் போன இடத்துல மாஸ்க் இல்லாம மாட்டி 50 டாலர் அபராதம் கட்டினாரு, கூடவே சுகாதார அதிகாரியும் மாட்டினாரு. ஊருக்கு உபதேசம் பண்றவங்க மூக்கு எப்பவுமே கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டுதான் இருக்கும் போல.

கே: பெரிய டாக்டர்களே மாஸ்க் வேணாம்னு சொல்லியிருக்காங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ப: சொல்லியிருக்காங்க. சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியால 1910 கடைசில நுரையீரல் பிளேக் வந்தப்ப, பினாங்குல பிறந்த டாக்டர் வூ லியன் டே இது மூச்சுக்காத்துல பரவுது, பஞ்சும் துணியும் வச்சு மாஸ்க் கட்டுங்கன்னாரு. மெஸ்னின்னு ஒரு சீனியர் பிரெஞ்சு டாக்டர், நீ என்ன எனக்குச் சொல்றதுன்னு மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பாக்கப் போனாரு. சில நாள்ல பிளேக்லயே செத்துப்போனாரு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல மாஸ்க் பத்தி யாரும் பெருசா வாதம் பண்ணல.

கே: 2020 ஆரம்பத்துல உலக சுகாதார நிறுவனமே நல்லா இருக்கறவங்க போட வேணாம்னுச்சு, அப்புறம் போடுன்னுச்சு. எதை நம்பறது?

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் நக்கல் பண்ண மனசு வரல, நியாயமான கோவம். மாஸ்க் தட்டுப்பாடு, ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்கே கிடைக்காதுங்கற பயம், போதுமான ஆதாரம் கையில இல்லைங்கற தயக்கம்னு எல்லாம் சேர்ந்துதான் அப்படிச் சொன்னாங்க, ஜூன் 5ஆம் தேதிதான் நோய் பரவற இடத்துல எல்லாரும் போடுங்கன்னு மாத்தினாங்க. எங்களுக்கு இன்னும் சரியா தெரியல, இருந்தாலும் போட்டுக்கோங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா பாதி கடிதம் எனக்கு வந்திருக்காது. மெடிக்கல் மாஸ்க், துணி மாஸ்க், என்95 எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாதுங்கறதும் உண்மைதான். ஆனா குடை பிடிச்சும் கால் நனையுதுன்னு யாராவது குடையைத் தூக்கி எறிவாங்களா?

கே: தாடைல மாட்டினா செல்லாதா?

ப: தாடைக்கு இருமல் வந்தா செல்லும்.

கே: இவ்வளவு பேசறீங்களே, நீங்க ஒழுங்கா போட்டீங்களா?

ப: போட்டேங்க, நாள் பூரா. போன் வந்தா மட்டும் கீழ இறக்கிட்டு சத்தமா பேசுவேன், பேசி முடிச்சு வாயை மூடினதும் மறுபடியும் மேல ஏத்திக்குவேன்.