ஆபீஸில் ஃபைல் பகிர தனி சர்வர் வேண்டுமா, கணினிக்குக் கணினி ஷேரிங் போதாதா?

எட்டு கணினிகள் உள்ள ஆபீஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டுக்கு இரண்டுமே ஓடும், அதனால் எண்ணிக்கையை விடுங்கள். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று ஆளுக்கு ஆள் பிரிக்க வேண்டுமா? ஆமாம் என்றால் என் ஓட்டு, ஃபைல்களையும் பயனர் பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்கும் சர்வருக்குத்தான்.

கணினிக்குக் கணினி ஷேரிங் என்னும் பியர் டு பியர் முறையில், அதாவது விண்டோஸ் ஒர்க்குரூப்பில், ஒவ்வொரு கணினியும் தன் பயனர் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். கணக்கு ஃபோல்டரை மூன்று பேர் மட்டும் பார்க்க வேண்டுமென்றால், அந்த மூவரின் பெயரும் பாஸ்வேர்டும் ஃபோல்டர் இருக்கும் கணினியிலும் இருக்க வேண்டும். ஒருவர் தன் பாஸ்வேர்டை மாற்றினால் அங்கேயும் போய் மாற்ற வேண்டும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அலுத்துவிடும். ‘எவ்ரிஒன்’ (எல்லோரும்) என்று சேர்த்து முழு அனுமதியும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சம்பளப் பட்டியல் ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, யாரோ ஒருவருடைய கணினி சொல்லாமல் கொள்ளாமல் சர்வராகிவிடும். அவர் அதை அணைத்துவிட்டுக் கிளம்பினால் மற்றவர்கள் வேலை நிற்கும். விண்டோஸ் 10, 11 உரிமப்படி அப்படி ஒரு கணினியில் 20 சாதனங்கள் வரைதான் இணையலாம். உங்களுக்கு இப்போதைக்கு அது பிரச்சினையில்லை.

மூன்று நான்கு பேர், ஒளிவுமறைவு இல்லை என்றால் ஷேரிங்கே தாராளம்.

சர்வர் என்றதும் ஏசி அறை, பெரிய ரேக் என்று பயப்பட வேண்டாம். இரண்டு டிஸ்க் போடும் ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல் பகிரும் சின்னப் பெட்டி, போதும். லினக்ஸ் பழகியவர் இருந்தால் ஒரு பழைய கணினியில் சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் முறை) இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். யாராவது ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதிதான். வாரம் ஒருமுறையாவது ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி வையுங்கள்.

பழைய பிரிண்டர் ஸ்கேனர் கேட்கிறது என்று எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறையை மட்டும் திறந்துவிடாதீர்கள். 2017-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவிய வழி அதுதான்.

வாங்குவதற்கு முன், கணினிகளை வயரால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைப் பாருங்கள். அது 100 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபி ஃபைல் நகர ஒன்றரை நிமிடம் ஆகும், கிகாபிட் என்றால் பத்து நொடி. எவ்வளவு நல்ல சர்வர் வாங்கினாலும் பழைய ஸ்விட்ச் அதை இழுத்துப் பிடிக்கும்.