வேக்குவம் பிரேக்கருக்குள் சூடு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் சப்-ஸ்டேஷனில் 11 கேவி வேக்குவம் பிரேக்கர்கள் (வெற்றிடத்துக்குள் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) இருக்கின்றன. ஃபால்ட்டில் (ஷார்ட் சர்க்யூட் போன்ற கோளாறில்) ட்ரிப் ஆகும்போது, பிரியும் காண்டாக்ட்களுக்கு நடுவே எரியும் ஆர்க்கில் காண்டாக்ட் முகம் உருகிவிடும் என்கிறார்கள். காண்டாக்ட்கள் இருக்கும் வெற்றிடப் பாட்டிலுக்குள் எண்ணெயும் இல்லை, காற்றும் இல்லை. பிறகு எப்படிக் குளிர்கிறது?
- வாசகர், மேட்டூர்

பதில்: முகத்துக்குப் பின்னால் இருக்கும் உலோகமே சூட்டை இழுத்துக்கொள்கிறது. இன்றைய காண்டாக்ட்கள் செம்பும் குரோமியமும் கலந்தவை. குரோமியம் பெரும்பாலும் 25 முதல் 50 சதவீதம். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும், குரோமியம் 1,907-ல். முகத்துக்கும் 1 மி.மீ. உள்ளே இருக்கும் இடத்துக்கும் 500 டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர செ.மீ.க்குச் சுமார் 10,000 வாட் உள்ளே ஓடும். கதிர்வீச்சாக வெளியேறுவதோ, 1,300 டிகிரியில் கூட, அதிகபட்சம் 35 வாட். கணக்கிலேயே சேராது.

ஆனால் சிக்கல் நேரத்தில்தான். ஏசி கரன்ட் அரைச் சுற்றுக்கு ஒருமுறை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணைவது அப்போதுதான். தொட்டதும் 12 கேவி பிரேக்கரின் (11 கேவி லைனுக்கான ரேட்டிங் இது) இடைவெளியில் மீட்சி மின்னழுத்தம், அதாவது திரும்ப எழும் மின்னழுத்தம், சுமார் 60 மைக்ரோ செகண்டில் 20 கேவிக்கு ஏறிவிடும். உருகிய படலம் உறையவோ மில்லி செகண்டுகள் வேண்டும். சூடான முகத்திலிருந்து செம்பு ஆவியாகிக்கொண்டே இருக்கும்: 1,577 டிகிரியில் ஆவி அழுத்தம் 100 பாஸ்கல், 1,236-ல் வெறும் 1 பாஸ்கல். அதுவரை நேர்மின் முனையாக இருந்த காண்டாக்ட் பூஜ்யத்துக்குப் பிறகு எதிர்மின் முனையாகிறது. அதில் ஒரே ஒரு இடம் கொதித்துக்கொண்டிருந்தாலும் ஆர்க் திரும்பப் பற்றிக்கொள்ளலாம்.

ஆகவே பூஜ்யத்துக்குப் பின் குளிர்விப்பதை நம்பி யாரும் பிரேக்கர் செய்வதில்லை. ஒரே இடத்தில் சூடு குவியாமல் முன்பே பார்த்துக்கொள்கிறார்கள். சுமார் 10 கிலோ ஆம்பியர் வரை ஆர்க் தானே பரவி எரியும். அதற்கு மேல் குறுகத் தொடங்கும். சுருள் வெட்டு காண்டாக்ட், குறுகிய ஆர்க்கை முகத்தின் மேல் ஓட ஓட விரட்டுகிறது. அச்சு காந்தப்புல வகை, குறுகவே விடாமல் பரப்பி வைக்கிறது. பூஜ்யத்தை நெருங்கும் கடைசி 2, 3 மில்லி செகண்டில் கரன்ட் சரிவதால் குளிர்ச்சி அப்போதே தொடங்கிவிடும்.

கேள்வி: ட்ரிப் ஆன பிரேக்கர் 0.3 செகண்டில் தானாகவே மறுபடி மூடினால் (ஆட்டோ ரீகுளோஸ்), ஆறாத முகங்கள் ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: ஆறாததால் ஒட்டாது. 0.3 செகண்ட் உறைவதற்குத் தாராளம். அதற்குள் சூடு 5 மி.மீ. ஆழம் வரை பரவியிருக்கும். வெல்டு ஆவது மூடும்போதுதான்: காண்டாக்ட்கள் தொடும் முன்னரே ஆர்க் தாவி ஒரு புள்ளியை உருக்கும், அதன் மேலேயே இரண்டும் அமரும். குரோமியம் கலந்த வெல்டு நொறுங்கக்கூடியது, மெக்கானிசம் பிய்த்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மூடும்போது காண்டாக்ட் துள்ளினாலோதான் கவலை. பிய்ந்த இடத்தில் நிற்கும் சின்ன முனை, கெபாசிட்டர் பேங்கை (கெபாசிட்டர் தொகுப்பை) இணைத்துத் துண்டிக்கும் வேலைக்கு ஆகாது.

கேள்வி: பெரிய ஃபால்ட்டுக்குப் பிறகு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: காண்டாக்ட் எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும் தேய்மானக் குறி, பிறகு 100 ஆம்பியர் டிசியில் காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், மூன்று ஃபேஸையும் ஒப்பிடுங்கள். வேக்குவம் சரியா என்று அறிய, திறந்த நிலையில் ஏசி ஹைபாட் (உயர் மின்னழுத்தச் சோதனை), பிரேக்கர் தாங்க வேண்டிய 28 கேவியில் 80 சதவீதம், அதாவது சுமார் 22 கேவி, 1 நிமிடம். மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) இதற்குப் போதாது. சோதனையின்போது காண்டாக்ட் இடைவெளியைக் குறைக்காதீர்கள், பாட்டிலுக்கு அருகில் நிற்காதீர்கள், எக்ஸ்-ரே வரும்.